ஒரு நம்பர், முப்பத்தேழு வீடு

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. படியேறும்போதே சுவர் முழுக்கக் கோட்டுப் போட்ட முகங்கள் சிரிக்கும். ‘ஆறே மாதத்தில் டேட்டாபேஸ் அட்மின்’ என்று அந்த முகங்களுக்குக் கீழே எழுதியிருக்கும். அவர்களில் ஒருவராவது அந்தப் படியில் கால் வைத்திருப்பாரா என்பது சந்தேகம். வெயிலே படாத முகங்கள். கீழே எவர்சில்வர் குடங்களை இறக்கும் சத்தம் காதைப் பிளக்கும். மேலே ஒரு மனிதர் புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிப்பார். முடித்ததும் “புரிஞ்சுதா?” என்பார். புரியவில்லை என்று யாராவது சொன்னால் அதே வரியை இன்னும் உரக்க வாசிப்பார். அவ்வளவுதான் அங்கே கற்பிப்பது. வருகிற பிள்ளைகளுக்கு இதுவே ஜாஸ்தி என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு நினைப்பு.

மணிமொழி ஆறு மாதமும் ஏறி இறங்கினாள். அந்த மனிதர் வாசித்ததில் அவளுக்குத் தேறியது ஒன்றுதான். ஒரு பட்டியல் என்றால் அதற்கு ஒரு சாவி வேண்டும். எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது இன்னொரு வரியில் திரும்ப வரவே வராதோ, அந்தக் கட்டம்தான் சாவி. புத்தகத்தில் ஓர் எடுத்துக்காட்டும் இருந்தது. வாடிக்கையாளர் பட்டியல், சாவி, கைபேசி எண். பக்கத்தின் ஓரத்தில் அதை அவள் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். மீதியையெல்லாம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தானே எழுதித் தானே அடித்துக் கற்றுக்கொண்டாள்.

அதன்பிறகு அடையாறு. பல் டாக்டருக்கும் யோகா வகுப்புக்கும் நடுவில் ஒரு மாடி அலுவலகம். ஆறு மாதம் ட்ரெய்னி. அது முடிந்ததும் ஹரி சார் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். போட்டால் ஜூனியர் அட்மின். போடவில்லையென்றால் அந்த ஆறு மாதத்தையும் தலை முழுகிவிட்டு வேறு மாடி தேட வேண்டியதுதான்.

ஹரி சார் இருபது வருஷ அனுபவக்காரர். அந்த இருபது வருஷமும் அவர் உடம்பில் தெரியும், முக்கியமாக நாற்காலி தொடும் இடத்தில். காலையில் வந்ததும் பையை மேஜைமேல் வைத்து, தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்து, மாவடு சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். பட்டியலை நகலெடுக்கும் பேக்கப் ஓடும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அது கடைசிவரை போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ட்ரெய்னிகளுக்கு முதல் மூன்று மாத வேலை. “கண்ண எடுக்கப்படாது” என்பார். அவர் மட்டும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக ஒரே வீடு. அந்த வீட்டிலிருந்து கால்வாய்க்கரைக்கு நடந்தால் எட்டு நிமிஷம். ஐம்பது வயதுக்குள் அந்த எட்டு நிமிஷத்தை அவர் ஒருதரம்கூட நடந்ததில்லை.

கால்வாய்க்கரையில்தான் மணிமொழியின் வீடு. பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில், ஒரு சந்தில். அலுவலகப் படிவத்தில் மந்தைவெளி என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்குக் காரணம் ஆஃப்ரீன் சொன்ன கதை. ஆஃப்ரீன் திருவல்லிக்கேணிப் பெண். இவளுக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்ந்த ட்ரெய்னி. இவள் சேர்ந்த முதல் நாளே டீ வாங்கப் போகும் வழியில் சொல்லிவிட்டாள்.

“எனக்கு முன்னாடி கண்ணகி நகர்லேர்ந்து, அதான் குடிசைக்காரங்களக் கொண்டுபோய் விட்ட எடம், ஒரு பையன் இருந்தான். நல்லா வேலை செய்வான். சாரோட சார்ஜர் காணாமப் போச்சு. ‘எந்த ஏரியா நீ’ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாளே அனுப்பிட்டார்.”

“கெடைச்சுதா சார்ஜரு?”

“கெடைச்சுதே. அவர் பையோட சைடு ஜிப்லயே இருந்துச்சு.”

“அந்தப் பையன?”

“அவனைத் திருப்பிக் கூப்பிட்டா சார் தப்பு பண்ணினதா ஆயிடுமே!”

அன்று வீட்டுக்குப் போனதும் மணிமொழி அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“யம்மா, அடையார் ஆபீஸ்லேர்ந்து யாராவது கேட்டா என்னத் தெரியும்னு சொல்லாத.”

“உன்னத் தெரியாதா எனுக்கு?”

“தெரியாதுன்னு சொல்லு. மந்தைவெளின்னு எழுதிக் குடுத்துக்கீறேன்.”

“சரி போ. பொண்ணே இல்ல எனுக்குன்னு சொல்லிடுறேன். போதுமா?”

“போதும்” என்றாள் மணிமொழி. அம்மா இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு இட்லி துணியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்மா பெயர் தேவானை. சந்து முனையில் இட்லிக் கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஓர் அடுப்பு, மேலே தார்ப்பாய். தார்ப்பாயைத் தாங்கும் கம்பில் ஓர் ஆணி. அந்த ஆணியில் பால் கவருக்குள் போட்டுக் கட்டிய ஒரு பட்டன் போன். அந்தச் சந்தில் போன் இல்லாத வீடு கிடையாது. ஆனால் ஒருத்தருக்கு ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். ஒருத்தர் போனை மகன் தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஒருத்தர் மாதம் ஒரு சிம் மாற்றுவார். தேவானையின் நம்பர் பதினாலு வருஷமாக மாறவில்லை. காலை நாலரையிலிருந்து அவள் அந்த இடத்தைவிட்டு நகர்வதுமில்லை, அடித்தால் எடுக்காமல் விடுவதுமில்லை. அதனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர் என்று முக்கியமான எதற்கும் சந்து முழுக்க ஒரே நம்பரைத்தான் கொடுத்தது. “தேவானை நம்பர எய்திக்கோ சார்” என்றால் அது அந்தச் சந்தில் விலாசம் சொல்வது போல.

காலை ஏழு மணிக்கு மணிமொழி தலைவாரிக்கொண்டிருக்கும்போது கூச்சல் ஆரம்பித்துவிடும்.

“ஏய் இசக்கி! உன் புள்ள இஸ்கூலுக்கு வர்லியாம். டீச்சரம்மா கேக்குது. இன்னா சொல்ல?”

நாலாவது வீட்டிலிருந்து இசக்கியம்மாளின் குரல் வரும். திருநெல்வேலிப் பக்கம், துணிக்கடை வேலைக்கு வந்து இந்தச் சந்தில் வாழ்க்கைப்பட்டவள். “காய்ச்சல்னு சொல்லுங்கக்கா!”

“ஜொரமாம் டீச்சர். தோ, என் எதிர்ல கோலி ஆடிக்கினு கீது. ஆனா ஜொரமாம்.”

மணிமொழிக்கு உடம்பு கூசும். ஊருக்கே ஒரு வாய், அது தன் அம்மாவின் வாய். வாளிகளைத் தாண்டி, கால்வாய் நாற்றத்தைத் தாண்டி, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு அவள் போகும்போது எதிர்வீட்டு மண்ணாங்கட்டி மாமா தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார். அம்மாவின் அண்ணன்.

“இன்னா மருமவளே, ஆபீஸா? அங்க இன்னாதான் வேல உனுக்கு?”

“டேட்டாபேஸ் மாமா. லிஸ்ட்டு மாதிரி. அத்தப் பத்திரமா வெச்சிக்கறது.”

“அத்துக்கு ஒரு படிப்பா! எங்கம்மா ரேஷன் கார்டக் கூரைல சொருவி முப்பது வருசம் பத்திரமா வெச்சினு இருந்துச்சு. ஒருத்தனும் அத்துக்கு ஏசி ரூமு குடுக்கல.”

சந்தே சிரிக்கும். மணிமொழி சிரிக்க மாட்டாள். இவர்களிடமிருந்து தப்பிப்பதற்குத்தான் அந்தத் தாளில் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அவளுடைய யோசனை முழுவதும் அதுதான். பெருங்குடிப் பக்கம் ஒரு அறை, ஒரு அட்டை, கழுத்தில் ஒரு நாடா. குழாயடியில் அவள் பெயரை யாரும் கூவாத ஒரு காலை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. சர்க்கார் ஆபீஸ் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்து, அது இன்னொன்றுக்குக் கொடுத்து, அது சலித்துப்போய் ஹரி சாரிடம் தள்ளிய வேலை. நாலாவது கை. கால்வாய்க்கரையில் குடியிருப்பவர்களின் கணக்கெடுப்பு. பட்டியலில் பேர் இருக்கிறவர்களுக்கு அதே இடத்தில் கட்டப்போகும் மாடிக் கட்டடத்தில் வீடு. பேர் இல்லாதவர்கள் சாமானோடு லாரியில் ஏறி ஊருக்கு வெளியே போக வேண்டும். முன்பு போனவர்கள் இன்றைக்கும் இரண்டு பஸ் மாறி இங்கேதான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். மழையில் நின்றுகொண்டே எழுதிய பையன்கள் கண்டபடி எழுதியிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வயது இருநூற்று மூன்று. ஒருத்தருக்குத் தொழில் என்ற கட்டத்தில் ‘ஆண்’. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மணிமொழியும் ஆஃப்ரீனும் ஒரு வாரம் துடைத்தார்கள். மயிலாப்பூர்ப் பக்கத்து வரிகள் ஆஃப்ரீனின் பாதியில் போய்விட்டன. மணிமொழி கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் அந்தச் சந்து இந்த ஏசி அறைக்குள் வராது என்று இருந்தாள்.

“குப்பை” என்றார் ஹரி சார், அவர்கள் தோள்மேலாக எட்டிப் பார்த்து. “ஜனங்க எப்படியோ டேட்டாவும் அப்படித்தானே இருக்கும்? சரி, சுத்தம் பண்ணிண்டே போனாப் போறாது. இதுக்கு எது சாவி? சொல்லுங்கோ பாப்போம். ஆதாரைத் தொடப்படாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டா.”

“சும்மா ஒரு வரிசை எண் போட்டுடலாமே சார்?” என்றாள் ஆஃப்ரீன்.

“அது பலசரக்குக் கடை புத்தி. வரிசை எண் போட்டா ஒருத்தனே நாலு தடவை வந்திருந்தாலும் தெரியாதே!”

மணிமொழிக்குப் புத்தகத்தின் ஓரத்தில் போட்ட இரண்டு கோடும் கண்ணுக்குத் தெரிந்தன. கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் கையைத் தூக்கியதில்லை.

“மொபைல் நம்பர் சார்.”

ஹரி சார் நாற்காலியைத் திருப்பினார். “பேஷ்! பாத்தியா, இவ பேசவே மாட்டா, பேசினா ஒரு வார்த்தை நறுக்குன்னு பேசறா. அதையே வச்சுக்கோ.”

அந்த ‘பேஷ்’ அவளுக்கு நாள் முழுக்க இனித்தது. ஒரு தடித்த மனிதரின் ஒரு சொல். அதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள் என்பதை நினைத்தால் பின்னால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம், ஒரே எண் எத்தனை வரியில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பட்டியலைக் கேட்டாள். இரண்டு, மூன்று, இரண்டு என்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எண், எதிரே முப்பத்தேழு. எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததும் மீதியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக இருக்கும் எண்.

“முப்பத்தேழா!” ஹரி சார் எழுந்தே வந்துவிட்டார். “யாரும்மா இவ, முப்பத்தேழு ஆத்துக்கு ஒரே சொந்தக்காரி? ஒருத்தி உக்காந்துண்டு ஊர்ல இல்லாத பேரையெல்லாம் எழுதிக் குடுத்திருக்கா. வீடு வந்தா வித்துடுவா. இதான் இவா தொழில். முதல் வரியை மட்டும் வச்சுக்கோ. மீதி முப்பத்தாறையும் தூக்கு.”

முதல் வரி தேவானை, குடும்பத் தலைவி. கணக்கெடுக்க வந்த பையன்கள் சந்து முனையில் இட்லி தின்றுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருந்தார்கள்; அதனால் அவள் முதலில்.

“இன்னிக்கு நகல்ல ஓட்டிப் பாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரிஜினல். நீயே ஓட்டு. பன்னெண்டு மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பணும். நன்னா ஓடித்துன்னா மீதி ரெண்டு மாசத்துக்குக் காத்திண்டிருக்காம உன் தாள்ல கையெழுத்துப் போட்டுடறேன். திங்கக்கிழமைலேர்ந்து நீ ஜூனியர் அட்மின்.”

நகலில் ஓட்டினாள். முப்பத்தேழு ஒன்றானது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

சாயங்காலம் சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா வீட்டு வாசலில் செங்கல்மேல் ஏற்றி வைத்த கிரைண்டரில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை மாவைத் தள்ளிவிட, இன்னொரு கை போனைக் காதில் பிடித்திருந்தது. சகினாவின் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் என்றைக்கு வரச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதை அப்படியே சந்துக்குள் அவள் வீட்டுக்குக் கூவிவிட்டு வைத்தாள்.

“இன்னா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?”

மணிமொழி சொன்னாள். கிரைண்டர் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சுவிட்சை அணைத்தாள்.

“ஒரு நம்பருக்கு ஒரு வூடுதானா? எந்தப் பேமானி சொன்னான் அத்த?”

மணிமொழி வாசற்படியில் வந்து மோதுகிற தண்ணீரைப் பார்த்தாள். “நான்தான் சொன்னேன்.”

அம்மா கையிலிருந்த மாவைச் சட்டியின் விளிம்பில் வழித்தாள். வழித்து முடித்தும் வழித்துக்கொண்டிருந்தாள்.

“உனுக்குத் தெரியாது? இந்த நம்பரு யாரு யாரு குடுக்கறாங்கன்னு உனுக்குத் தெரியாது?”

“புக்குல அப்படித்தாம்மா போட்டிருந்துச்சு.”

“புக்கு எய்தினவன் இந்தச் சந்துல கீறானா? நீ கீற!”

பிறகு குரலை இறக்கி, “அப்போ நம்ம வூடு மட்டும் நிக்கும்?” என்றாள்.

“ஆமா.”

“எங்க அண்ணன்?”

“போய்டும்.”

“இசக்கி, சகினா?”

“எல்லாம் போய்டும்மா. நாம மட்டும்தான்.”

“அந்தாளாண்ட சொல்லேன், இந்த மாதிரி இந்த மாதிரின்னு.”

“சொன்னா உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாரு. நா எங்க கீறேன்னு தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா இன்னா? நீ இன்னா திருடியா?”

சார்ஜர் கதையைச் சொல்லலாமா என்று மணிமொழி நினைத்தாள். அம்மா மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

படுத்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தான் எதையும் சொல்ல வேண்டாம். ஹரி சாரே அந்த நம்பருக்குப் போன் பண்ணட்டும். அம்மா எடுப்பாள், ஒவ்வொருத்தராகக் கூவிக் கூப்பிடுவாள், எல்லாரும் வந்து நிற்பார்கள். வீடும் நிற்கும், கையெழுத்தும் விழும். தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலையில் பேக்கப்பின் பச்சைக் கோடு முக்கால்வாசி போயிருக்கும்போது சொன்னாள்.

“சார், தூக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு ஒருதரம் பேசிப் பாத்துடலாமே?”

“மெரட்டிப் பாக்கலாங்கறே!” ஹரி சாருக்கு முகம் மலர்ந்தது. கிரிக்கெட்டில் மழை இடைவேளை வேறு. ஆபீஸ் போனை இழுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

“அலோ! யாரு?”

“கணக்கெடுப்பு ஆபீஸ்லேர்ந்து பேசறேன். அடையாறு. நீ யாரும்மா?”

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. “நான் தேவானை. சொல்லு சார்.”

“செம்பியன்னு ஒருத்தர். இருக்காரா?”

“தி.நகர்ல லோடு எறக்கப் போயிக்கீறான் சார். மத்தியானம் துன்ன வருவான். அவன் சம்சாரம் கீது, கூப்டவா?”

“வேண்டாம். சகினா?”

“தோ, எதிர்லதான். ஏய் சகினா! வூட்டுக் கணக்காம், ஓடியா! ஈரக்கையத் தொட, போன நனைச்சுப்புடாத!”

தண்ணீரில் சளப் சளப்பென்று காலடிச் சத்தம். “ஆங், சொல்லுங்க சார். எங்க வூட்ல நாலு பேரு. அவருக்குத்தான் உடம்பு சரியில்ல.”

“சரி, சரி. இசக்கியம்மாள்?”

“இங்கனதான் இருக்கேன் சார். நாலாவது வீடு. உள்ளுக்குள்ள தண்ணி வருதுன்னு எழுதிக்கிட்டீங்களா? அன்னிக்கு வந்த தம்பி எழுதவே இல்ல சார்.”

ஹரி சார் அடுத்த பேரைப் பார்த்து, ரிசீவரைக் கையால் மூடுவதாக நினைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் ஓடும்போதே சிரித்தார். “மண்ணாங்கட்டின்னு ஒண்ணு போட்டிருக்கா பாரு!”

“இருக்கேன் நைனா. சிரிக்காத, கேக்குது. எனுக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் நிக்கல. இதாவது நிக்கட்டும்னு வெச்ச பேரு. நின்னுட்டேன், எய்திக்கோ.”

ஆஃப்ரீன் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஹரி சார் நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று தேடித் தேடிக் கூப்பிட்டார். ஒன்பது பேரைக் கூப்பிட்டார். ஒன்பதுக்கும் ஆள் வந்தது, இல்லையென்றால் ஆள் எங்கே போயிருக்கிறது, எப்போது வரும் என்ற தகவல் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் அவர் முகம் சுண்டிக்கொண்டே போயிற்று. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சிலருக்கு வாயில் வராது. அதற்கு வேறு தொண்டை வேண்டும்.

“செட்டப்பு” என்றார் கடைசியில், மணிமொழியிடம். “எல்லாரையும் பக்கத்துல உக்காத்தி வச்சிண்டிருக்கா.” போனில் குனிந்தார். “ஏம்மா, ஊர்க்கதை இருக்கட்டும். உங்காத்துல எத்தனை பேர்?”

“எங்க வூட்லயா? நானும்…” குரல் நின்றது. “நா ஒருத்திதான் சார்.”

மணிமொழியின் கை மவுஸின்மேல் அப்படியே இருந்தது.

“மகள்னு எழுதியிருக்கே. மணிமொழி, வயசு இருபத்திரண்டு.”

தார்ப்பாயின்மேல் மழை விழுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

“எனுக்குப் பொண்ணெல்லாம் இல்ல சார்.”

“மாட்டிண்டா!” ஹரி சார் மேஜையைத் தட்டினார். “பாத்தியா, பேருக்குக்கூடப் பஞ்சம், உன் பேரைப் போட்டிருக்கா! முதல் வரியே போலி. முப்பத்தாறு இல்லை, முப்பத்தேழையும் தூக்கு. ம், ஓட்டு.”

பச்சைக் கோடு கடைசிவரை போய்விட்டிருந்தது. திரையில் அவள் நேற்று எழுதிய கட்டளை காத்துக்கொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் அம்மா மூச்சுவிடுவது கேட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு, அது சரியாக வந்ததா என்று காத்துக்கொண்டிருக்கிற மூச்சு.

“அது நான்தான் சார்.”

“எது?”

“அந்த மகள். அவங்க எங்கம்மா. நான் அந்தச் சந்துலதான் இருக்கேன். அது எங்கம்மா நம்பர், சந்துல எல்லாரும் அதைத்தான் குடுப்பாங்க.”

ஹரி சார் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் அலறியது.

“ஏன்டி சொன்ன? நா சோக்கா சமாளிச்சினு இருந்தேன்ல! இப்ப அந்தாளு கையெய்த்துப் போடுவானா?”

அவர் போனை வைத்தார். பிறகு அவர் செய்த முதல் காரியத்தை மணிமொழி மறக்க மாட்டாள். மேஜையோரத்தில் இருந்த தன் பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாலு மாதமாக அந்தப் பை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“மந்தைவெளின்னு எழுதிக் குடுத்தியே?”

“ஆமா சார்.”

“பொய் எழுதறவா கையில டேட்டாவை எப்படிம்மா குடுக்கறது?”

பொய் எழுதியது நிஜம்தான். “எழுந்துக்கோ” என்றார். எழுந்தாள்.

மணி பதினொன்றரை. ஹரி சார் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். முப்பத்தேழு குடும்பம் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால், எந்த ஆபீஸில், எந்த நாற்காலியில் தூக்கினார்கள் என்று நாள் நேரத்தோடு சொல்ல இப்போது ஒரு பெண் இருக்கிறாள். மனிதர்கள்மேல் வராத மரியாதை அவருக்கு மனுவின்மேல் வந்தது. “ஆஃப்ரீன், நீ சொன்னியே, அந்த வரிசை எண்ணையே போட்டுடு” என்றார். பலசரக்குக் கடை புத்தி நாலு நிமிஷத்தில் வேலையை முடித்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வரியும் முழுசாகப் பன்னிரண்டு மணிக்கு மேலிடத்துக்குப் போயிற்று. கூடவே ஒரு கடிதம்: ‘எங்கள் குழு ஒவ்வொரு குடும்பத்தையும் நேரடியாகத் தொடர்புகொண்டு சரிபார்த்தது.’

மணிமொழியின் தாளில் அவர் எழுதியது, ‘பயிற்சிக் காலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.’ அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்து அழகாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், மேலிடத்து ஆபீஸிலிருந்து கடைசிச் சரிபார்ப்புக்குப் போன் வர ஆரம்பித்தது. முப்பத்தேழு குடும்பத்துக்கும் தனித்தனியாக, முப்பத்தேழும் அதே ஆணியில் தொங்கும் போனுக்கு. அம்மாவால் இட்லியும் ஊற்றிக்கொண்டு பேச முடியவில்லை. மணிமொழி மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் அந்த நாற்பது பக்க நோட்டு. கடைசிப் பக்கங்களில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள்: எத்தனையாவது வீடு, யார் தலைவர், எத்தனை பேர், எந்த நேரம் யார் வீட்டில். இருநூற்று மூன்று வயதெல்லாம் அதில் கிடையாது.

சந்து அவளுக்கு இன்னும் பிடித்துவிடவில்லை. செம்பியன் போனில் பேசினால் எச்சில் தெறிக்கும். இசக்கியம்மாள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவே மாட்டாள். மண்ணாங்கட்டி மாமா வேறு பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா மருமவளே, ஆபீஸு இங்கயே வந்துட்ச்சா?”

“கம்முனு போ மாமா. லைன்ல ஆள் கீறாங்க.”

ஆஃப்ரீன் நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். திருவல்லிக்கேணியில் ஏதோ ஆபீஸில் ட்ரெய்னி கேட்கிறார்களாம், படிவத்தையும் அனுப்பியிருந்தாள். விலாசம் என்ற கட்டம்வரை மணிமொழி நிரப்பி வைத்திருந்தாள். ஹரி சார் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு எவன் எடுப்பான் என்று தெரியவில்லை.

போன் மறுபடி அடித்தது. ஒரு பெண் குரல், சலித்துப்போன குரல்.

“தேவானை குடும்பமா?”

“ஆமாங்க.”

“எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்.”

“பேசறது யாரு?”

அம்மா இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஆவிக்கு நடுவில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

“தேவானை பொண்ணு. மணிமொழி. இங்கதான் கீறேன்.”

அந்தக் குரல் சரி என்று எழுதிக்கொண்டு வைத்துவிட்டது. அம்மா துணியை உரித்து முடித்தாள். ஒன்றும் பிய்யவில்லை.

“போன அந்தாண்ட வை” என்றாள். “இசக்கி புள்ளைக்கு டீச்சர் போன் பண்ற நேரம்.”